தூக்குப்போசி வராத நாள்

தேயிலை லாரியின் முன்சீட்டில் உட்கார்ந்து, ஒரு கையால் கதவையும் இன்னொரு கையால் தாலிக்கொடியையும் பிடித்துக்கொண்டு கோத்தகிரி மலை ஏறிய அனுபவம் இந்தத் தொடரைப் படிக்கிற எத்தனை பெண்களுக்கு இருக்கும் என்று தெரியவில்லை. எனக்கு இருக்கிறது.

கோயமுத்தூரில் சரக்கை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்புகிற லாரி. பின்னால் நாலைந்து வெற்றுத் தேயிலைப் பெட்டிகள் ஒவ்வொரு வளைவிலும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருண்டு தடதடத்தன. வண்டிக்குள் டீசல் நாற்றமும் தேயிலைத் தூள் வாசனையும் கலந்து மூக்கை அடைத்தது.

"மாரப்பா, இன்னும் கொஞ்சம் வெரசாப் போகக் கூடாதா?"

"அம்மிணி, இது லாரிங்க. ஏரோப்ளேன் இல்லீங்க."

மாரப்பன் எங்கள் எஸ்டேட் லாரி டிரைவர். இருபது வருடமாக அதே மலை, அதே லாரி. அவனை அவசரப்படுத்த அய்யன் என்று நாங்கள் கூப்பிட்ட எங்கள் அப்பாவால்கூட முடிந்ததில்லை.

மணி பதினொன்று ஆகியிருந்தது. எங்கள் பங்களாவில் ஒரு மணிக்குச் சாப்பாட்டு மணி அடிப்பார்கள். அந்த மணி அடித்து இலை போடுவதற்குள் நான் அங்கே போய்ச் சேர வேண்டும். சேர்ந்து, ஒரு வாய் சோறு சாப்பிட வேண்டும். சாப்பிட்டுவிட்டு ஒரே ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும்.

சொல்லாவிட்டால் என் அம்மாவுக்கும், அண்ணன் மனைவிக்கும், அவர்களின் இரண்டு குழந்தைகளுக்கும் தங்க ஒரு கூரை இருக்காது. விளையாட்டாகத் தெரியும். கொஞ்சம் பொறுங்கள், விளக்குகிறேன்.

குறை சொல்லி வளர்ந்தவள்

இந்தத் தொடரைப் படித்துவிட்டு ஒரு வாசகி கேட்டிருந்தார்: "நீங்கள் எதைப் பற்றி எழுதினாலும் அதில் ஒரு குறையாவது சொல்லாமல் விடுவதில்லையே, ஏன்?" நியாயமான கேள்வி. என்னை அப்படி வளர்த்தார்கள் அம்மா.

எங்களுடையது சமவெளியில் ஒரு சின்ன ஜமீன். அந்த வீட்டுக்கு ஒரு வழக்கம் உண்டு. எங்கள் வீட்டில் கை நனைத்த விருந்தாளி, அதாவது ஒரு வாயாவது சாப்பிட்டவர், எங்களுக்குச் சொந்தமான எதையாவது நன்றாக இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டால், அதை அவருக்கே கொடுத்துவிட வேண்டும். சாப்பிடாதவர் எத்தனை பாராட்டினாலும் கணக்கில்லை. சாப்பிட்டுவிட்டுச் சொன்னால் தப்பிக்க வழியே இல்லை.

எந்தக் காலத்திலோ எங்கள் முன்னோர் ஒருவர், தான் போர்த்தியிருந்த கம்பளியைப் புகழ்ந்த விருந்தாளியை, அதைக் கொடுக்காமல் சிரித்து அனுப்பிவிட்டாராம். அந்த மனிதர் மழையில் நனைந்து போய் வழியிலேயே காய்ச்சலில் இறந்துவிட்டாராம். அன்றிலிருந்து இந்த வழக்கம். நிஜமோ கதையோ, எனக்குத் தெரியாது.

வேடிக்கை என்னவென்றால், பல தலைமுறையாக இதனால் யாரும் கெட்டுப்போகவில்லை. வருகிறவர்களுக்கும் வழக்கம் தெரியும். மரியாதை தெரிந்தவர்கள் வெற்றிலைச் செல்லத்துக்கு மேல் எதையும் பாராட்ட மாட்டார்கள். எங்கள் வீட்டில் விருந்து சாப்பிடுவது என்றால் வாயை மூடிக்கொண்டு சாப்பிடுவது என்று அர்த்தம்.

வீட்டு ஆட்களுக்கு இந்த வழக்கம் பொருந்தாது. ஆனாலும் பழக்கம் வரக் கூடாது என்று அம்மா எங்களுக்குப் பயிற்சி கொடுப்பார்கள். பாயசம் ஊற்றிவிட்டு, "எப்படி இருக்குது?" என்பார்கள். "ஏலக்காய் கொஞ்சம் தூக்கலுங்கம்மா" என்று சொல்ல வேண்டும். தீபாவளிப் பாவாடையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றால், "கரை கொஞ்சம் அகலம்" என்று நாமே சொல்லிக்கொள்ள வேண்டும். ஒரு குறையாவது கண்டுபிடித்துச் சொன்னால்தான் அடுத்த கரண்டி விழும்.

இந்தப் பழக்கத்தோடு நான் கோயமுத்தூருக்கு வாழ்க்கைப்பட்டுப் போனேன். அவர் பள்ளிக்கூட வாத்தியார். போன முதல் நாள் மாமியார் ஆசையாக மொச்சைக்கொட்டைக் குழம்பு வைத்துப் போட்டுவிட்டு, "எப்படி இருக்குது கண்ணு?" என்றார்கள். அமிர்தமாக இருந்தது. நான் வாய் கூசாமல், "புளி கொஞ்சம் முன்னால நிக்குதுங்க" என்றேன்.

மூன்று மாதம் மாமியார் என்னோடு பேசவில்லை.

எல்லாம் பிரமாதம்

இந்தப் பயிற்சியில் தேறாத ஒரே ஆள் என் அண்ணன்.

அவருக்கு எதிலும் குறை தெரியாது. "பிரமாதம்!" என்பார். அடிப்பிடித்த உப்புமாவைச் சாப்பிட்டுவிட்டு, "பிரமாதம்! கருகின வாசனை ஒரு தனி ருசியா இருக்குது" என்பார். அம்மா தலையில் அடித்துக்கொள்வார்கள்.

பார்க்க அத்தனை லட்சணமாக இருப்பார். சிரித்தால் எதிரில் இருப்பவருக்கும் சிரிப்பு வந்துவிடும். லவ்டேல் இங்கிலீஷ் பள்ளிக்கூட விடுதியில் தங்கிப் படித்தவர். இங்கிலீஷும் சுத்தம், எங்கள் ஊர்ப் பேச்சும் சுத்தம். குதிரையா, காரா, டான்ஸா, எதில் இறங்கினாலும் சுற்றிப் பத்துப் பேர் நிற்பார்கள். நானும் அந்தப் பத்துப் பேரில் ஒருத்தியாகத்தான் வளர்ந்தேன்.

சுதந்திரம் வந்த சில வருடங்களில் ஜமீன் ஒழிப்பு வந்தது. சமவெளி நிலங்கள் போய்விட்டன. ஊரைவிட்டுக் கிளம்பிய ஒரு வெள்ளைக்காரத் துரையிடம் அய்யன் முன்பே வாங்கிப் போட்டிருந்த கோத்தகிரி எஸ்டேட் மட்டும் மிஞ்சியது. ஒன்றாம் நம்பர் மலையிலிருந்து ஏழாம் நம்பர் மலைவரை ஏழு தேயிலைக் காடுகள், ஒரு ஃபேக்டரி, ஒரு பங்களா. அதை வைத்துக்கொண்டு நாலு தலைமுறை நிம்மதியாகச் சாப்பிட்டிருக்கலாம்.

அய்யன் இறந்தார். அண்ணன் எசமான் ஆனார். சீசன் ஆரம்பித்தது.

சீசனுக்கு ஊட்டிக்கு வருகிற பட்டணத்து ஆட்களுக்கு எங்கள் வழக்கம் எப்படித்தான் தெரிந்ததோ! முதலில் தெரியாமல் பாராட்டினார்கள். பம்பாய்க்காரர் ஒருவர் சாப்பிட்டு முடித்து ஏப்பம் விட்டுவிட்டு, ஹாலில் இருந்த பெரிய கடிகாரத்தை ஏதோ பேச்சுக்கு அழகு என்று சொன்னார். மறுநாள் அது கம்பளியில் சுற்றி அவர் தங்கியிருந்த ஹோட்டல் வாசலில் நின்றது. அதற்கப்புறம் தெரிந்தே பாராட்டினார்கள். பியானோ போனது. புலித்தோல் போனது. அண்ணன் உயிராக வளர்த்த நாய்கூடப் போனது. நாய் போன அன்றைக்கு மட்டும் அண்ணன் ராத்திரி சாப்பிடவில்லை.

ஒருநாள் ஊட்டிக் குதிரைப் பந்தயத்துக்குப் புதுக்காரில் போனவர், சாயங்காலம் கோத்தகிரி பஸ்ஸில் வந்து இறங்கினார். கையில் பெரிய பூச்செண்டு. முகமெல்லாம் சிரிப்பு.

"காரு எங்கீங்கண்ணா?" என்றேன். லீவுக்கு வந்திருந்தேன்.

"போன வாரம் நம்ம ஊட்டுல சாப்பிட்டாரே ஒருத்தர், அவரு இன்னைக்குக் காரைப் பாத்துட்டு என்ன சொன்னாரு தெரியுமா அம்மிணி? இந்த மலைக்கே இதுதான் ராணி அப்படின்னாரு. பிரமாதமாச் சொன்னாரு!"

"அதுக்கு?"

"சாவியைக் குடுத்துட்டேன். அவரு இந்தப் பூவைக் குடுத்தாரு. பாரு, எத்தனை நெறம்!"

கோபம் வந்தது. அந்த முகத்தைப் பார்த்ததும் சிரிப்பும் வந்தது. அண்ணனிடம் அதுதான் கஷ்டம்.

கொடுத்தால் மட்டும் போதாதே. ஹால் வெறிச்சென்று கிடந்தால் அடுத்த விருந்தாளி என்ன நினைப்பார்? அதனால் போன ஒவ்வொன்றுக்கும் பதிலாக உடனே புதிது வந்தாக வேண்டும். கையில் பணம் ஏது? அங்கேதான் மரக்கடைக்காரர் உள்ளே வந்தார்.

வாயைத் திறக்காத மனுஷன்

மரக்கடைக்காரர் கீழே சமவெளியில் பெரிய மர வியாபாரி. பெயர் வேண்டாம், பிள்ளைகள் இருக்கிறார்கள். எங்கள் எஸ்டேட் சில்வர் ஓக் மரங்களை வெட்டி வாங்க வந்தவர், அண்ணனுக்கு வட்டிக்குக் கொடுக்க ஆரம்பித்தார். கார் கைமாறிய வாரமே மூன்றாம் நம்பர் மலை அவரிடம் அடமானம் போனது. புதுப் பியானோவுக்கு ஐந்தாம் நம்பர். இப்படியே பங்களாவும் ஃபேக்டரியும் சேர்த்து எல்லாம் அவர் பத்திரத்துக்குள் போய்ச் சேர்ந்தன.

ஏழாம் நம்பர் மட்டும் போகவில்லை. சாகிற சமயத்தில் அய்யன் அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏழாம் நம்பரை அடமானம் வெக்கவும் கூடாது, விக்கவும் கூடாது" என்று சத்தியம் வாங்கியிருந்தார். எட்டு ஏக்கர். மேலே ஒரு தகரக் கூரை வீடு. வாசலில் நின்றால் மேகம் விலகும்போது கீழே பவானி ஆறு வெயிலில் மின்னும். அண்ணன் ஊதாரிதான், ஆனால் வாக்குத் தவறாதவர். எத்தனை நெருக்கடி வந்தும் அதன் பத்திரத்தை எடுக்கவில்லை.

அய்யன் ஒன்றை மட்டும் சொல்ல மறந்துவிட்டார். கொடுக்கக் கூடாது என்று அவர் சொல்லவில்லை. எங்கள் வீட்டு ஆள் அதை எப்படிச் சொல்லுவார்?

மரக்கடைக்காரரிடம் ஒரு விசித்திரம் உண்டு. ஏழெட்டு வருடம் வந்து போனவர், எங்கள் வீட்டில் பச்சைத் தண்ணீர் குடித்ததில்லை. அவருடைய காரோடு ஒரு தூக்குப்போசியும் வரும். மூன்று அடுக்கு, பித்தளை. வராந்தாவின் ஓரத்தில் உட்கார்ந்து அதிலிருக்கும் சோற்றைச் சாப்பிட்டுவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு பத்திரத்தைப் பிரிப்பார். எதையும் நல்லது என்றும் சொல்ல மாட்டார், கெட்டது என்றும் சொல்ல மாட்டார். கடன் கொடுத்த வீட்டில் கை நனைத்தால் வட்டி கேட்க நாக்குத் தடுமாறும் என்பது அவர் கட்சி.

அந்தக் காலைக்கு வருகிறேன். நான் கோயமுத்தூர் வீட்டில் ரசம் வைத்துக்கொண்டிருந்தேன். வாசலில் லாரி வந்து நின்றது. மாரப்பன் இறங்கி வந்தான்.

"அம்மிணி, பெரியவங்க சொல்லியுட்டாங்க." பெரியவங்க என்று அவன் சொன்னது என் அண்ணியை. எங்கள் பக்கம் அண்ணியை நங்கை என்போம். நங்கை அதிகம் பேசாதவர். ஆள் விட்டுச் சொல்லி அனுப்புகிறார் என்றால் விஷயம் இருக்கும்.

"என்ன சொன்னாங்க?"

"மரக்கடைக்காரரு நேத்தே மேல வந்து ஏழாம் நம்பரைச் சுத்திப் பாத்தாருங்க. சுத்திப் பாத்துட்டுக் கீழ ஊருக்கு எறங்கிட்டாரு. இன்னைக்கு மத்தியானம் நம்ம ஊட்டுல சாப்புடறேன்னு சொல்லிப்போட்டாருங்க. தூக்குப்போசி கொண்டு வரலையாமுங்க. அவ்வளவுதான் சொல்லச் சொன்னாங்க."

கரண்டி கையிலிருந்து நழுவியது. தூக்குப்போசி வரவில்லை! ஏழெட்டு வருடம் வாயைக் கட்டிக்கொண்டிருந்த மனுஷன் சாப்பிட வருகிறான் என்றால் எதற்கு வருகிறான்?

என் வீட்டுக்காரர் பல் தேய்த்துக்கொண்டிருந்தார். "ஏனுங்க, சோறு வடிச்சாச்சு, ரசம் அடுப்புல இருக்குது, கொதிச்சா எறக்கிருங்க. நான் மலைக்குப் போயிட்டு வர்றேன்" என்றேன். வாய் நிறைய நுரையோடு அவர் ஏதோ கேட்டார். அது என்ன என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

வளைவுக்கு வளைவு

நான் யோசித்தது இதுதான். வீட்டு ஆட்கள் பாராட்டினால் கணக்கில்லை. விருந்தாளி பாராட்டினால்தான் கணக்கு. ஆனால் நான் இப்போது வீட்டு ஆளா? கட்டிக் கொடுத்துப் போனவள்தானே! மரக்கடைக்காரருக்கு முந்திச் சாப்பிட்டு, அவருக்கு முந்திச் சொல்லிவிட்டால்?

மேட்டுப்பாளையம் தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் முன்னால் ஒரு கறுப்புக் கார் ஊர்வது தெரிந்தது. மாரப்பன் கண்ணைச் சுருக்கிப் பார்த்தான்.

"அம்மிணி, அவரேதானுங்க!"

"தாண்டிப் போ மாரப்பா!"

"எப்படீங்க தாண்டறது? காருங்க அது."

ஆனால் கடவுள் இருக்கிறார். மரக்கடைக்காரருக்கு மலை வளைவு ஒத்துக்கொள்ளாது. அடுத்த வளைவில் கார் ஓரமாக நின்றது. கதவைத் திறந்துகொண்டு அவர் தலையைத் தொங்கப் போட்டிருந்தார். கையில் எலுமிச்சம்பழம். நான் சட்டென்று சீட்டுக்குக் கீழே குனிந்து சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டேன். மாரப்பன் ஹாரன் அடித்தபடி கடந்து போனான். பயல், ஒரு கும்பிடும் போட்டான்.

சாக்குக்குள் எனக்கு அடக்க முடியாத சிரிப்பு. ஜெயித்தாச்சு என்று நினைத்தேன்.

பாதி மலையில் லாரி மூச்சு வாங்கியது. பானெட்டிலிருந்து வெள்ளையாக ஆவி. மாரப்பன் தகர டப்பாவை எடுத்துக்கொண்டு ஓடைக்கு இறங்கினான். நாலு தடவை போய் வந்து தண்ணீர் ஊற்றினான். ஐந்தாவது தடவை அவன் மேலே ஏறி வரும்போது கறுப்புக் கார் எங்களைத் தாண்டிப் போனது. மரக்கடைக்காரர் ஜன்னல் பக்கம் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். நான் லாரிப் படியில் நின்று வாய்விட்டு அழுதேன். எனக்கு வெட்கமாக இல்லை.

"ஏறுங்க அம்மிணி" என்றான் மாரப்பன். "எங்க அம்மாவும் ஏழாம் நம்பர்லதானுங்க எலை பறிச்சாங்க." அப்புறம் அவன் ஓட்டியதை ஓட்டுவது என்று சொல்ல முடியாது. பெட்டிகள் துள்ளின, நான் துள்ளினேன், என் கொண்டை அவிழ்ந்து காற்றில் பறந்தது.

ஆண்கள் பந்தி

பங்களா வாசலில் கால் வைத்தபோது மணி அடித்து ஓய்ந்திருந்தது.

பெரிய ஹாலில் பந்தி போட்டிருந்தார்கள். முதலில் அண்ணன். பக்கத்தில் மரக்கடைக்காரர், முகம் வெளுத்துப்போய். அதற்கடுத்து எஸ்டேட் ரைட்டர். நாலாவது இலை ஃபேக்டரி டீமேக்கருக்கு, அவர் இன்னும் வரவில்லை. நங்கை சாதம் பரிமாறிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அவர் கை ஒரு நொடி நின்றது. மரக்கடைக்காரர் இலைக்குப் போக வேண்டிய கரண்டியை அப்படியே திருப்பி, யாருமில்லாத நாலாவது இலையில் கொட்டினார். அந்தச் சாமர்த்தியத்தை நான் இன்றும் வியக்கிறேன்.

அந்தக் காலத்தில் எங்கள் வீட்டில் பெண்கள் ஆண்கள் பந்தியில் உட்கார மாட்டார்கள். நான் உட்கார்ந்தேன். புழுதித் தலையோடு, கை கழுவாமல், குழம்புகூட ஊற்றாத வெறும் சோற்றை அள்ளி வாயில் போட்டேன். சூடு நாக்கைப் பொசுக்கியது. விழுங்கினேன்.

"அம்மிணி!" என்றார் அண்ணன், திகைத்துப்போய். "எப்ப வந்தே? என்ன கோலம் இது?"

"அண்ணா," என்றேன். "நம்ம ஏழாம் நம்பர் மலை இருக்குதே, அதும் மேல இருக்கற ஊடும். அந்த மாதிரி அழகான எடத்தை நான் எங்கியும் பாத்ததில்லீங்கண்ணா."

மரக்கடைக்காரர் மெதுவாக நிமிர்ந்தார். வாந்தியில் வெளுத்திருந்த முகத்தில் ரத்தம் ஏறியது.

"இதென்னங்க ஓரியாட்டம்?" என்றார். "ஊட்டுப் பொண்ணு சொன்னா கணக்காகுமுங்களா? விருந்தாளி சொன்னாத்தானுங்க உங்க வழக்கம்?"

வழக்கத்தை எங்களைவிட நன்றாகத் தெரிந்து வைத்திருந்தார்.

கதவோரத்திலிருந்து அம்மாவின் குரல் வந்தது. வெளி ஆண்களுக்கு முன்னால் அம்மா பேசி நான் கேட்டதில்லை. "ஏனுங்க, ஒவ்வொரு தடவையும் அவளுக்கு வெத்தலை பாக்கும் சீலையும் வெச்சுக் குடுத்துத்தானே அனுப்பறோம்? ஊட்டு ஆளுக்கு யாராச்சும் வெத்தலை பாக்கு வெச்சு அனுப்புவாங்களா? கட்டிக் குடுத்த பொண்ணு விருந்தாளிதானுங்க."

எல்லோரும் அண்ணனைப் பார்த்தோம்.

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபப்படுவார் என்று பயந்தேன். வந்தவன் போனவனெல்லாம் எந்த வழக்கத்தைச் சொல்லி அவரை உரித்தானோ, அதே வழக்கத்தைச் சொல்லி நானும் கையேந்தி உட்கார்ந்திருக்கிறேனே! ஆனால் அவர் முகம் மலர்ந்தது.

"பொறந்ததுல இருந்து எதையுமே நல்லா இருக்குதுன்னு சொன்னதில்லையே நீ!" என்றார். "இன்னைக்குச் சொல்லிட்டே பாத்தியா! பிரமாதம்! எடுத்துக்க அம்மிணி. நாளைக்கே ரிஜிஸ்டர் பண்ணிரலாம்."

நங்கை அடுக்களைக்குள் ஓடிப் போனார். அழுதாரா சிரித்தாரா தெரியாது. மரக்கடைக்காரர் சோறு விழாத தன் இலையை விட்டு எழுந்தார். வராந்தாவில் நின்று, "ஒரு எலுமிச்சம்பழம் இருந்தாக் குடுங்க" என்று கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகு

அந்த வருடம் முடிவதற்குள் ஆறு மலைகளும் ஃபேக்டரியும் பங்களாவும் போய்விட்டன. அப்படியும் அண்ணன் பேரில் கொஞ்சம் கடன் பாக்கி நின்றது. அவர் பேருக்கு எது வந்தாலும் அது மரக்கடைக்காரருக்குத்தான் போகும் என்ற நிலை.

அம்மாவும் நங்கையும் குழந்தைகளும் ஏழாம் நம்பர் வீட்டுக்குக் குடிபோனார்கள். அண்ணன் வரவில்லை. "குடுத்த எடத்துல குடுத்தவன் குடியிருக்கறதா? அது முறை இல்ல" என்றார். ஊட்டியில் ஒரு ஹோட்டலில் விருந்தாளிகளை வரவேற்கிற வேலையில் சேர்ந்தார். பழைய கோட்டு, பழைய சிரிப்பு. ஞாயிற்றுக்கிழமைகளில் நங்கையும் குழந்தைகளும் பஸ் ஏறிப் போய் அவரைப் பார்த்துவிட்டு வருவார்கள்.

எனக்கு ஒரு முள் உறுத்திக்கொண்டே இருந்தது. அன்றைக்கு அவர் எதற்குக் கொடுத்தார்? புரிந்து கொடுத்தாரா, அல்லது கடிகாரத்தையும் காரையும் கொடுத்ததுபோல் ஒரு பாராட்டில் மயங்கிக் கொடுத்தாரா? கேட்க எனக்குத் தைரியமில்லை. குடும்பத்தோடு இருக்க வேண்டிய மனிதரை நானே வீட்டைவிட்டுத் துரத்திவிட்டேனோ என்று பல நாள் அழுதிருக்கிறேன்.

வருடங்கள் ஓடின. அண்ணன் மகளுக்கு நிச்சயதார்த்தம் வந்தது. தகப்பன் வராமல் எப்படித் தட்டு மாற்றுவது? முதல் பஸ்ஸில் வருகிறேன் என்று சொல்லியனுப்பினார்.

எங்கள் எல்லோருக்கும் ஒரே நினைப்பு. இப்போது அவர்தான் விருந்தாளி. வீடு என்னுடையது. அவர் கை நனைத்துவிட்டுப் பிரமாதம் என்று சொல்லிவிட்டால்?

"அதெல்லாம் உனக்குச் செல்லாது. நீ வேற ஊட்டுப் பொண்ணு" என்றார் என் வீட்டுக்காரர்.

"அந்த வழக்கத்தைச் சொல்லித்தானுங்களே வாங்குனேன்?" என்றேன். "அவர் சொன்னா குடுத்துருவேன்." கொடுத்தால் மறுநாள் அது மரக்கடைக்காரரின் பிள்ளைகளிடம் போகும். தெரிந்தும்தான் சொன்னேன். முதல் நாளே பத்திரத்தை எடுத்துப் பெட்டிக்கு மேல் வைத்தேன். நங்கை அதைப் பார்த்துவிட்டு அடுக்களைக்குள் போனார்.

அண்ணன் வந்தார். தலை முழுக்க நரை. மகளை அணைத்துக்கொண்டார். சம்பந்தி வீட்டார் இன்னும் வந்து சேரவில்லை. நங்கை கேசரி கொடுத்தார். ஒரு வாய் சாப்பிட்டார். கை நனைந்துவிட்டது.

ஏழாம் நம்பர் இலையில் போட்ட டீயை நானே டம்ளரில் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு வாசலுக்குப் போய் நின்றார். சரிவெல்லாம் பச்சைக் கொழுந்து. பெண்கள் கூடையோடு வரிசையில் ஏறிக்கொண்டிருந்தார்கள். கீழே மேகம் விலகி ஆறு தெரிந்தது. அவர் ஒரு வாய் குடித்தார். கண் விரிந்தது. உதடு பிரிந்தது. எனக்கு அந்த வார்த்தை வருவது தெரிந்தது, ஐம்பது வருடமாக எனக்குத் தெரிந்த முகமல்லவா! உள்ளே நங்கை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அண்ணன் வாயை மூடிக்கொண்டார். மிச்ச டீயை ஒரே மடக்கில் குடித்தார்.

"கொஞ்சம் தண்ணியா இருக்குது அம்மிணி" என்றார்.

"டீயுங்களாண்ணா?"

"டீயுந்தான். அந்தக் கடைசி வரிசையில செடியைக் கவாத்து வெட்டுனதும் சரியில்ல." என் பக்கம் திரும்பாமலே காலி டம்ளரை நீட்டினார். "இன்னொரு டம்ளர் ஊத்து."

ஊற்றினேன். மூன்று டம்ளர் குடித்தார். மூன்றிலும் குறை சொன்னார்.